ஏழடி பறந்த வாள்வேந்தர்

மணி பன்னிரண்டே முக்கால். நாகல் நகரில் பிரியாணிக்குத் தம் உடைக்கும் நேரம். அப்படிப்பட்ட ஒரு கடைக்கு நேர் மேலே மாடி எடுத்துத் துப்பறியும் நிலையம் நடத்துவது சித்திரவதையில் சேரும் என்பது சூசைராஜின் நெடுநாள் கருத்து. இன்று பொட்டலத்துக்குச் சொல்லியும் ஆயிற்று. கீழே போய் வாங்க வேண்டியதுதான் பாக்கி. செருப்பில் ஒரு கால் நுழைந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் படியேறி வந்தாள்.

"நாலு மணிக்கு எங்கப்பாவக் கோர்ட்டுல நிறுத்தப் போறாங்க" என்றாள் மூச்சு வாங்க. "அதுக்குள்ள எதாச்சும் செய்ங்கக்கா."

சூசைராஜ் செருப்பிலிருந்து காலை உருவினான். பிரியாணிக்கும் தனக்கும் ராசி இல்லை என்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம்.

நாற்காலியில் இருந்த நர்கீஸ் நிமிர்ந்தாள். நிலையத்தின் உரிமையாளர், துப்பறிவாளர், தேவைப்பட்டால் பெருக்குபவர் எல்லாம் அவள்தான். ஒரு காலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள். ஆண்டு விழாவில் பள்ளித் தாளாளர், 'நான் மின்னல் வேகத்தில் உழைப்பவன்' என்று முழங்கியபோது, மின்னலின் வேகத்தையும் அவர் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த கோப்புகளின் வயதையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிக் காட்டினாள். அத்தோடு வேலை போயிற்று. சூசைராஜுக்கு மட்டும் அவள் இன்னும் டீச்சர்.

வந்தவள் பெயர் சுகன்யா. சொந்த ஊர் அகரம். வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் வேலை, தங்கலும் அங்கேயே. காலையில் போன் வந்து ஓடி வந்திருக்கிறாள். அப்பா நாச்சிமுத்துவுக்கு இரண்டு ஏக்கர் மக்காச்சோளம். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி ஒன்று. இன்று காலை ஏழு மணிக்கு அந்தத் துப்பாக்கியால், பக்கத்துத் தோட்டத்துக்காரரான வாள்வேந்தர் இராஜகம்பீரனாரைக் கொல்லப் பார்த்தார் என்று வழக்கு.

"யாரு, சேர் வாடகை ராசகோபாலா?" என்றான் சூசைராஜ்.

சூசைராஜ் இருபது வருஷம் மைக் செட் போட்டவன். திண்டுக்கல்லில் வாய் திறந்த பெரிய மனிதர் அத்தனை பேருக்கும் வால்யூம் வைத்தவன். ராஜகோபால் பந்தலும் சேரும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த காலம் தொட்டுத் தெரியும். ஐம்பது வயதில் ஒருநாள் தூங்கி எழுந்தபோது அவருக்குத் தாம் ஒரு தளபதியின் வம்சம் என்று தெரிந்துவிட்டது. பெயரை மாற்றிக்கொண்டார். பட்டத்தையும் தாமே கொடுத்துக்கொண்டார், வேறு யாரும் முன்வராததால்.

"குண்டு பட்டுச்சா?" என்றாள் நர்கீஸ்.

"அவரு மேல படலக்கா. வாள் மேல பட்டுச்சாம். எங்கப்பா சுட்டதும் வாளத் தூக்கித் தடுத்தாராம். குண்டு அடிச்ச வேகத்துல ஏழடி பின்னால பறந்து, எருக்குழியில போயி விழுந்தாராம்."

"ஏழடி?"

"போலீஸே டேப் வெச்சு அளந்துட்டாங்க."

நர்கீஸின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "சரி. உங்கப்பா எம்புட்டு தூரம் பறந்தாரு?"

"எங்கப்பாவா? அவரு எதுக்குப் பறக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

சுகன்யாவுக்குப் புரியவில்லை. மேலே சொன்னாள். "அப்பா யாரயும் பாத்துச் சுடலயாம். மயில வெரட்ட மானத்தப் பாத்துத்தான் சுட்டாராம். ஆனா ஸ்டேஷன்ல, 'ரவை போட்டுத்தான் சுட்டேன்'னு அவரே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டுட்டாரு. அவருக்குப் பொய் சொல்ல வராதுக்கா. ஒரு கேள்வி கேட்டா ஒரு பதில். அதுக்கு மேல வாயத் தெறக்க மாட்டாரு. ரிமாண்ட் ஆயிட்டா அவ்வளவுதான்னு வக்கீல் சொல்றாரு. அறுவது வயசு ஆளு, ஜெயிலுக்குள்ள..."

போனை எடுத்து மணி பார்த்தாள்.

"உங்கப்பா என்ன எடை இருப்பாரு?" என்றாள் நர்கீஸ்.

"நாப்பத்தெட்டு கிலோ."

நர்கீஸ் எழுந்து துப்பட்டாவை இழுத்து முடிந்தாள். "நீ ஸ்டேஷனுக்குப் போம்மா. அப்பா பக்கத்துலயே இரு. நாங்க அகரம் போயிட்டு வாரோம்."

சுகன்யா தன் போனில் இருந்த ஓர் அழைப்பிதழை அனுப்பிவிட்டுப் போனாள். இன்று மூன்று மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், வாள்வேந்தர் எழுதிய 'துப்பாக்கியை வென்ற வாள்' என்னும் நூல் வெளியீடு. அடியில் புதிதாக ஒரு வரி: 'இன்று காலை குண்டைத் தடுத்த வீரவாள் மேடையில் காட்சிக்கு வைக்கப்படும்.' அதற்கும் கீழே, வாசகரைக் கவர நூலிலிருந்து ஒரு துளி: 'எம் முன்னோர் கோட்டைக் கதவின் பூட்டை ஒரே வெட்டில் அறுத்தெறிந்தனர்.'

"வழக்குச் சொத்து மேடைக்கு வருதா?" என்றான் சூசைராஜ். "டீச்சர், இதுல பொன்னாடை யாருக்கு, வாளுக்கா?"

"வண்டிய எடுங்க சூசைண்ணே."

ஸ்கூட்டர் பிரியாணிக் கடையைத் தாண்டியபோது அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவான்.

தாடிக்கொம்பு சாலையில் வெயில் தார் மேல் நெளிந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, வழி விடாமல் ஊர்ந்தது. சூசைராஜ் ஆரனை அழுத்தினான், மணியைப் பார்த்தான், மறுபடி அழுத்தினான். உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியவில்லை. நாலு மணி என்பது அவன் சட்டைக்குள் புகுந்த கட்டெறும்பு மாதிரி இருந்தது.

"சூசைண்ணே, உங்கள ஒரு எருமை முட்டுனா என்னாகும்?" என்றாள் பின்னாலிருந்து நர்கீஸ்.

"விழுவேன்."

"ஊசி குத்துனா?"

"கத்துவேன்."

"விழ மாட்டீங்கள்ல? அம்புட்டுத்தான் விஷயம். வாள் எருமை ரகம், குண்டு ஊசி ரகம். வாள் ஒரு கிலோவுக்கு மேல இருக்கும், ஆனா வேகம் கம்மி. நாட்டுத் துப்பாக்கிக் குண்டு இருபத்தஞ்சு கிராம்தான், ஆனா பேய் வேகம். கணக்குப் போட்டா, தள்ளுறதுல வாள் மூணு மடங்கு பெருசு. துளைக்கிறதுல குண்டு ஆறு மடங்கு பெருசு. ரெண்டும் வேற வேற கணக்கு. நம்ம வேந்தர் ஊசி குத்துனதுக்கு எருமை முட்டுன மாதிரி விழுந்திருக்காரு."

"சினிமாவுல சுட்டா கண்ணாடிய ஒடச்சுட்டுப் பறப்பானுங்களே டீச்சர்?"

"அது கயிறு. துப்பாக்கி சுடுறவன் தோள்ல ஒரு உதை விழும்ல, அதே உதைதான் அடிபடுறவனுக்கும். அதுக்கு மேல ஒரு பைசா கூடாது. அழைப்பிதழ் படத்தப் பாத்தா இவரு தொண்ணூத்தாறு கிலோ தேறுவாரு, அவரு நாப்பத்தெட்டு. இவரு ஏழடி பறந்தா—"

"நாச்சிமுத்து பதினாலடி பறந்திருக்கணும்!"

"கொறஞ்சது."

லாரி ஒதுங்கியது. சூசைராஜ் முறுக்கினான். மணி ஒன்று இருபது.

நாச்சிமுத்துவின் தோட்டத்துக்கு ஓர் இரும்புக் கேட். சங்கிலி சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டு. உள்ளே நாச்சிமுத்துவின் மனைவி ஜக்கம்மாள் நின்றிருந்தாள், அழுது முடித்து அடுத்த அழுகைக்கு முன்னால் கிடைத்த இடைவேளையில்.

"வேலியத் தாண்டி வாங்க தாயி. இந்தப் பூட்டு காலையில இருந்து தெறக்க மாட்டேங்குது. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாமே ஒரே நாள்ல கெட்டுப்போச்சு."

சூசைராஜ் முள்வேலியைத் தாண்டினான். அவனும் வேட்டியும் தனித்தனியாகத் தாண்டினார்கள்.

"அந்தாளு எதுக்கும்மா கேட்டுக்கிட்ட வந்தாரு?" என்றாள் நர்கீஸ்.

"அவரு தோட்டத்துக்கு இதுதான் குறுக்கு வழியாம். கோட்டை கட்டப் போறாராம், செங்கல் லாரி போகணுமாம். எங்க சோளத்து நடுவுலயா போகும்? பூட்டிப்புட்டோம். 'இந்தப் பூட்டெல்லாம் எனக்கு எம்மாத்திரம்'னு போன வாரம் கத்திட்டுப் போனாரு."

"இன்னைக்குக் காலையில?"

"நான் உள்ள மாட்டுக்குத் தீவனம் வெச்சிட்டு இருந்தேன். 'ணங்'குன்னு ஒரு சத்தம். கூடவே 'டமார்'னு இவரு துப்பாக்கி. வந்து பாத்தா அந்த மனுசன் எருக்குழியில உக்காந்து, 'கொல பண்ணப் பாக்குறான்'னு கத்துறாரு. எந்திரிக்கக்கூட இல்ல. போன் போட்டுட்டுத்தான் எந்திரிச்சாரு."

நர்கீஸ் வேலிக்கு வெளிப்புறம் மறுபடி போய்க் கேட்டுக்கு முன்னால் குந்தினாள். அங்கே வாய்க்கால் கசிந்து மண் ஈரமாக இருந்தது. கேட்டிலிருந்து எருக்குழி வரை ஏழடி. அந்த ஏழடிக்குள் மூன்று காலடித் தடங்கள். மூன்றும் கேட்டைப் பார்த்தபடி. மூன்றிலும் குதிகால் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது.

"சூசைண்ணே, இத எண்ணுங்க."

"மூணு."

"பறந்தவருக்கு எதுக்குக் காலடி?"

சூசைராஜ் தடத்தைப் பார்த்தான், குழியைப் பார்த்தான். குழிக்குள் சாணத்தில் ஓர் அகலமான, கம்பீரமான பதிவு இருந்தது. வம்சத்தின் முதல் உண்மையான வரலாற்றுச் சின்னம்.

நர்கீஸ் பூட்டைத் திருப்பினாள். வளையத்தின் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி பளபளத்தது. புதிய கொத்து. துரு ஏறாத வெட்டு. அவள் போனில் நாலு படம் எடுத்தாள். பூட்டின் மேலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

"டவுன்ல இதே அளவுல ஒண்ணு வாங்கணும்."

"நிலையத்த பூட்டிட்டுப் போறதுக்கா டீச்சர்?"

"உங்க வாய்க்கு." அவள் எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "அவரு எங்க நின்னு சுட்டாரு?"

ஜக்கம்மாள் காட்டினாள். கேட்டிலிருந்து இருபது எட்டுத் தள்ளி, சோளத்தை ஒட்டி ஒரு வரப்பு. சூசைராஜ் அங்கே போய்க் குந்தினான். குந்திய வேகத்தில் எழுந்தான். வரப்பு நெடுக எறும்பு. ஒவ்வொன்றும் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு, கல்யாணத்துக்குச் சீர் கொண்டு போகும் சொந்தக்காரர்கள் மாதிரி வரிசை கலையாமல் போயிற்று. இரண்டு மட்டும் சீர்வரிசையை விட்டுவிட்டு அவன் தொடையைக் கவனித்தன.

"வந்தவுகளுக்கு ஒரு வாய் குடுக்க வழியில்ல" என்று ஜக்கம்மாள் மூக்கைச் சிந்தினாள். "உப்புமாவாச்சும் கிண்டலாம்னா, ரவை டப்பாவத் தொடச்சு வெச்சிருக்காரு அந்த மனுசன். போன வாரம் வாங்குனது. என்ன செஞ்சாரோ."

"பரவால்லக்கா" என்றான் சூசைராஜ், தொடையைத் தேய்த்தபடி. பிரியாணி தவறிய நாளில் உப்புமாவும் தவறியதை அவன் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டான்.

மண்டபத்தை அவர்கள் தொட்டபோது மணி மூன்று ஐந்து. சூசைராஜின் சட்டைப் பையைப் புதுப் பூட்டு ஒன்று கீழே இழுத்தது. வாசலில் வாள்வேந்தரின் ஃப்ளெக்ஸ், ஒரு கையில் வாள், மறு கையில் உடைந்த துப்பாக்கி, பின்னால் மலைக்கோட்டை. திண்டுக்கல்லில் ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிடும்.

உள்ளே இருநூறு சேர். எல்லாம் அவருடைய பழைய சேர்கள்தான். முன்வரிசையில் எஸ்.ஐ. பொன்னழகு வழக்குச் சொத்தின் மேல் ஒரு கண்ணும், பரிமாறிக்கொண்டிருந்த தட்டின் மேல் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும் மனிதர். கெட்டவர் இல்லை. சீக்கிரம் முடிகிற வழக்கு என்றால் அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

மேடையில் இராஜகம்பீரனார் வாளை உயர்த்தினார். ஒலிபெருக்கி கீச்சிட்டது. சூசைராஜ் பழக்க தோஷத்தில் மைக் செட் மேசைப் பக்கம் நழுவினான். அங்கே இருந்தவன் அவனிடம் தொழில் கற்றவன்.

"வெள்ளையன் துப்பாக்கியோடு வந்தான்! நாம் வாளோடு நின்றோம்! இன்று காலை வரலாறு திரும்பியது! பாய்ந்து வந்த குண்டை இந்த வீரவாள் மறித்தது! அதன் பேராற்றல் என்னை ஏழடி தூக்கி எறிந்தது! ஆனால் எறிந்தது உடலைத்தான்! உள்ளத்தை அல்ல!"

கைதட்டல். நர்கீஸ் எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்கள் சகோதரி. ஐயம் தீர்ப்பது எம் கடமை."

"குண்டு அடிச்சதும் நேரா குழிக்குத்தான் போனீங்களா? நடுவுல கால் தரையில படலயே?"

"காற்றிலேயே சென்றேன்!"

"சரிங்கய்யா. அந்தத் துப்பாக்கிக் குண்டோட மொத்தத் தள்ளலையும் உங்க எடைக்குக் குடுத்தா, நொடிக்கு ஆறு சென்டிமீட்டர் நகருவீங்க. அதுவும் தரை ஐஸா இருந்தா. ஏழடி போக அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் காத்துல என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு என்பது கூட்டத்தில் தும்மல் மாதிரி. ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

"அறிவியல் வேறு, வீரம் வேறு!" என்றார் இராஜகம்பீரனார்.

"வாளச் செத்த பாக்கலாமா?"

அவர் தயங்கினார். இருநூறு சேரும் பார்த்துக்கொண்டிருக்க, காட்சிக்கு வைத்த பொருளைக் காட்ட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நர்கீஸ் மேடையேறினாள். வாளின் நடுவில் ஒரே ஒரு பல் விழுந்திருந்தது. பாதி வட்டம், சுண்டு விரல் கனம்.

"எஸ்.ஐ. சார், செத்த மேல வாங்க. ஈயக் குண்டு மெத்துனு இருக்கும். இரும்புல மோதுனா சப்பளிஞ்சு அப்பிக்கும். இவ்வளவு சுத்தமா வட்டம் போடாது." அவள் கையை நீட்டினாள். சூசைராஜ் கூட்டத்தின் தலைக்கு மேல் பூட்டை வீசினான். இருபது வருஷம் மைக் வயரை வீசிய கை, தவறவில்லை.

நர்கீஸ் பூட்டின் வளையத்தை வாளின் பல்லில் வைத்தாள். 'டக்' என்று உட்கார்ந்தது. அந்தப் பூட்டுக்காகவே செய்த வாள் மாதிரி.

"நாச்சிமுத்து கேட்டுல தொங்குறதும் இதே அளவுப் பூட்டுதான். அதுல புதுசா ஒரு வெட்டு இருக்கு, காலையில இருந்து சாவியும் திரும்பல. வாசல்ல குதிகால் பதிஞ்ச மூணு தடம் இருக்கு, பின்னால ஓடுனவரோடது." அவள் போனிலிருந்த படங்களை எஸ்.ஐ.யிடம் நீட்டினாள். "முன்னோர் ஒரே வெட்டுல பூட்ட அறுத்தாங்கன்னு புத்தகத்துல எழுதியாச்சு. செஞ்சு பாக்கணும்ல? ஐயா ஓங்கி ஒரு வெட்டு வெட்டியிருக்காரு. கூர்மையெல்லாம் சதைக்கிட்டத்தான் செல்லும். திண்டுக்கல் பூட்டுக்கிட்ட வாள்தான் பல்லு இழந்துச்சு. அதே நேரம் தள்ளி எங்கயோ துப்பாக்கி வெடிச்சிருக்கு."

மண்டபம் கலகலத்தது. சூசைராஜ் ஜெயித்தாயிற்று என்று பெருமூச்சு விட்டான். மணி மூன்று இருபத்தைந்து. இப்போது கிளம்பினால்கூடக் கடையில் மிச்சம் மீதி இருக்கும்.

ஆனால் எஸ்.ஐ. பொன்னழகு தலையை ஆட்டினார். "பூட்டு விஷயம் சரிம்மா. அத விசாரிக்கிறேன். ஆனா அந்தாளு ரவை போட்டுச் சுட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரு. ரவைன்னா குருவி, முயல் அடிக்கிற ஈயச் சில்லு. வாள்ல பட்டுச்சோ படலயோ, ஆள் நிக்கிற எடத்துல ரவை போட்டுச் சுட்டது சுட்டதுதான். நாலு மணிக்கு நான் அவர ஆஜர்படுத்தித்தான் ஆகணும்."

இராஜகம்பீரனாரின் மார்பு மறுபடி நிமிர்ந்தது. "கேட்டீர்களா! குற்றவாளியே ஒப்புக்கொண்டான்! ரவை போட்டேன் என்று தன் வாயாலேயே!"

நர்கீஸ் பூட்டை வாளிலிருந்து எடுத்தாள், மறுபடி வைத்தாள். சூசைராஜ் அவளை இப்படிப் பார்த்ததில்லை. கணக்கு எல்லாம் சரி, விடை மட்டும் தப்பு. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு கிலோமீட்டர் தள்ளி ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இதே போல ஒரு கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சூசைராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை எதையாவது செய்ய வேண்டும் என்று துடித்தது. யாரோ அவன் முன்னால் ஒரு தொன்னையை நீட்டினார்கள். பசி கண்ணை மறைக்க, என்ன ஏது என்று பார்க்காமல் ஒரு கவளம் வாயில் போட்டான்.

கேசரி.

நெய், முந்திரி, நாக்கில் நறநறவென்று...

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. வரப்பு நெடுகப் போன எறும்பு ஊர்வலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வெள்ளை வெள்ளையாகச் சீர்வரிசை. ஈயத்தை எந்த எறும்பு தூக்கும்? அதன் பின்னாலேயே ஜக்கம்மாளின் குரல்: ரவை டப்பாவத் தொடச்சு வெச்சிருக்காரு அந்த மனுசன்.

"டீச்சர்!" என்று கத்தினான், வாயில் பாதி கேசரியோடு. "ரவை! ரவை!"

"அதத்தான் அவரும் சொல்றாரு சூசைண்ணே."

"அது இல்ல டீச்சர்! இது!" தொன்னையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.

நர்கீஸ் தொன்னையைப் பார்த்தாள். ஒரு நொடி. பிறகு மெதுவாக எஸ்.ஐ.யின் பக்கம் திரும்பினாள். "சார், 'என்ன ரவை'ன்னு அவர்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

"ரவை போட்டியான்னு கேட்டோம். ஆமான்னான். அதுக்கு மேல என்ன கேக்கணும்?"

"இப்பக் கேளுங்க."

பொன்னழகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். "அந்த நாச்சிமுத்துகிட்ட குடுய்யா" என்றார். அதற்குள் சூசைராஜ் மேடைக்குத் தாவியிருந்தான். "மண்டபத்துல சிக்னல் மோசம் சார், ஸ்பீக்கர்ல போடுங்க" என்று பணிவாகச் சொல்லி, மைக்கை ஸ்டாண்டோடு இழுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தான். மேசைப் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். பழைய சீடன் வால்யூமை ஏற்றினான்.

"யோவ் நாச்சிமுத்து, காலையில துப்பாக்கியில என்னய்யா போட்ட?"

"ரவைங்கய்யா" என்றது நாலு ஒலிபெருக்கியிலும் ஒரு மெலிந்த குரல்.

"என்ன ரவை?"

இப்படியும் ஒரு கேள்வியா என்று அந்தக் குரல் யோசித்தது கேட்டது.

"உப்புமா ரவைங்கய்யா."

மண்டபத்தில் ஒரு சேர்கூட அசையவில்லை.

"வெறும் மருந்த மட்டும் போட்டா 'புஸ்'ஸுன்னு போயிரும்ங்க. மேல எதயாச்சும் போட்டுக் கெட்டிச்சாத்தான் சத்தம் வரும். பால்ரஸ் குண்டு, ஈயச் சில்லு எதுனாச்சும் போட்டா மயிலுக்குப் பட்டுரும். மயிலு செத்தா ஜெயிலுங்கய்யா. அதான் ரெண்டு கை ரவை. பறவைக்கும் சேதமில்ல, கீழ விழுந்தா எறும்பும் திங்கும்."

"இத ஏன்யா காலையில சொல்லல?"

"ரவை போட்டியான்னுதானுங்களே கேட்டீங்க. ஆமான்னேன்."

முதலில் சிரித்தது மைக் செட்காரன். அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியவில்லை. இருநூறு சேரும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன. யாரோ, "வாள்வேந்தருக்கு இன்னொரு தொன்னை குடுங்கப்பா, தடுக்கட்டும்!" என்று கத்தினார்கள்.

இராஜகம்பீரனார் மேடையில் வாளோடு நின்றார். பெயரில் இருந்த அத்தனை எழுத்தும் உதிர்ந்து, பழைய சேர் வாடகை ராஜகோபால் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தார்.

"அப்படியென்றால்..." குரல் உடைந்தது. "அப்ப என்னைய ஏழடி தள்ளுனது என்னதும்மா?"

"சத்தம்ங்கய்யா" என்றாள் நர்கீஸ், நிஜமான மரியாதையோடு. "வாளுக்குக் கணக்கு இருக்கு. குண்டுக்குக் கணக்கு இருக்கு. பயத்துக்கு மட்டும் இன்னும் யாரும் ஃபார்முலா கண்டுபிடிக்கல."

எஸ்.ஐ. பொன்னழகு அவர் கையிலிருந்து வாளை வாங்கிக்கொண்டார். "நீங்களும் வாங்க சார். பூட்டு ஒடைக்கப் பாத்தது ஒண்ணு, பொய்ப் புகார் ஒண்ணு. புத்தகத்தையும் எடுத்துக்கங்க. ஸ்டேஷன்ல நேரம் போகாது."

நாலு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ஜீப் நின்ற இடத்திலேயே நின்றது. அகரத்துக்கு ஆள் அனுப்பி வரப்பில் எறும்பிடமிருந்து ஒரு பிடி ரவையும், கேட்டிலிருந்து பூட்டும் கொண்டு வரச் சொல்லியாகிவிட்டது. எழுத்தர் நாச்சிமுத்துவின் வாக்குமூலத்தை வெளியே எடுத்து, 'ரவை' என்ற சொல்லுக்கு முன்னால் 'உப்புமா' என்று ஒரே ஒரு சொல்லைச் செருகினார். காலையிலிருந்து ஒரு மனிதனைப் பிடித்து வைத்திருந்த காகிதம் அந்த ஒரு சொல்லில் பல் இழந்தது.

"படிச்சுப் பாத்து, திருத்துன எடத்துல கையெழுத்துப் போடுய்யா" என்றார் எஸ்.ஐ.

நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். சுகன்யா அவர் தோளைப் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றாள். சூசைராஜ் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான். திருத்திய இடத்துக்கு வந்ததும் நாச்சிமுத்துவின் விரல் நின்றது. நெற்றி சுருங்கியது.

"ஐயா, இதுல ஒரு சின்னத் தப்பு இருக்குங்களே."

எஸ்.ஐ. காகிதத்தின் மேல் குனிந்தார்.

"'உப்புமா ரவை'ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. அது கேசரிக்கும் ஆகும்ங்க."

"அப்பா!" என்று பேனாவை அவர் கையில் திணித்தாள் சுகன்யா. "வாயத் தெறக்காமப் போட்டுட்டு வாங்கப்பா வீட்டுக்கு!"